கெட்டித் திட்டு

கடைவீதியே அதிர்ந்தது. ஜன்னல் கண்ணாடி கிடுகிடுவென்று ஆட, சுவரில் மாட்டியிருந்த கல்யாண ஜோடிப் படம் ஒன்று ஆணியோடு பெயர்ந்து கீழே விழுந்தது. பாஸ்போர்ட் படத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்த கிழவர், "பூகம்பம்!" என்று எழுந்து ஓடப் பார்த்தார்.

"பூகம்பமும் இல்ல ஒண்ணும் இல்ல. ஆடாம உக்காருங்க பெரியவரே," என்றாள் தமிரா. சொன்னவளே ஜன்னலுக்கு ஓடினாள்.

பெட்ரோல் பங்குக்கு எதிரே நீளமான டிரெய்லர் ஒன்று நின்றிருந்தது. அதிலிருந்து ஒரு மஞ்சள் பொக்லைன் தார் ரோட்டில் இறங்கியிருந்தது. இறங்கியதென்ன, விழுந்திருந்தது. அதன் இரும்புப் பட்டைகள் ரோட்டைக் கடித்த தடம் இங்கிருந்தே தெரிந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு பக்கத்துக் கடை குந்துஸ் வந்தாள். சம்சா சுட்டு விற்பவள். முழங்கை வரை மாவு.

"இறக்கிட்டாங்கடி! சனிக்கிழமைதான் கூட்டம். அதுக்குள்ள மிஷின் வந்து நிக்குது. பொண்ணு கேக்கப் போறதுக்கு முன்னாடியே கல்யாணத்துக்கு ஆடு அறுத்த மாதிரி!"

"யாரு வரச் சொன்னதாம், எஜே?" என்றாள் தமிரா. 'எஜே' என்றால் அவர்கள் பேச்சில் அக்கா.

"வேற யாரு, உன் புருஷனோட அருமை அண்ணன்தான். பக்கத்துல நின்னு, 'மெதுவா, மெதுவா'ன்னு கையை ஆட்டிக்கிட்டு இருக்காரு. பெத்த குழந்தையக்கூட அவர் இப்படித் தூக்கி இறக்கியிருக்க மாட்டாரு."

கொக்சாய் ஊருக்குத் தலைவர் துர்துபெக். தமிராவின் கணவன் எர்மெக்கின் அண்ணன். மலைக்கு அந்தப் பக்கம் புதிதாகப் போடும் சாலைக்கு ஜல்லி வேண்டும் என்று ஒரு கிரஷர் கம்பெனி வந்தது. ஊரை ஒட்டி ஓடும் கராசூ ஆற்றின் நடுத்திட்டைத் தோண்டிக்கொள்ள அவர் ஏற்பாடு செய்துவிட்டார். பாக்கி இருந்தது ஒரே ஒரு சடங்கு. சனிக்கிழமை தலைநகரத்திலிருந்து அதிகாரி வருவார், ஊரைக் கூட்டி ஆட்சேபம் கேட்பார். அழிந்துவரும் பறவை எதுவும் அந்தத் திட்டில் கூடு கட்டியிருக்கிறது என்று யாராவது அன்றைக்கு நிரூபித்தால் தோண்டக் கூடாது. இல்லையென்றால் தோண்டலாம்.

அந்தத் திட்டில் அரிவாள்மூக்கன் என்ற அப்படிப்பட்ட பறவை ஒரு ஜோடி கூடு கட்டியிருந்தது. கண்ணால் பார்த்தவர்கள் ஊரில் இருந்தார்கள். படம் பிடித்தவர் ஒருவரும் இல்லை. பிடிக்க முடிந்தவள் தமிரா ஒருத்திதான்.

அவள் பொக்லைனை விட்டு வானத்தைப் பார்த்தாள். காலையில் பளிச்சென்று விடிந்த வானம் இப்போது மூடிக்கொண்டிருந்தது. சிகரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஊர் முழுவதும் நிழல் இல்லாத, சலித்த மாவு போன்ற ஒரு வெளிச்சம்.

"எஜே, உங்க வண்டிச் சாவி எங்க?"

"வந்துடுச்சுய்யா இவளுக்கு!" என்று குந்துஸ் கிழவரிடம் முறையிட்டாள். "மேகம் போட்டா ஊர்ல எல்லாரும் கொடியில காயற துணியை எடுப்பாங்க. இவ கடையை மூடுவா."

"என் படம்?" என்றார் கிழவர்.

"வெயில் வந்ததும் வாங்க."

"வெயில்ல வந்தா கண்ணு கூசுதுன்னு சொன்னது நீதானேம்மா!"

அதற்குள் தமிரா நீள லென்ஸைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்திருந்தாள்.

குந்துஸின் பழைய நீவா ஜீப்பில் வெங்காய வாசனை எந்தக் காலத்திலும் போகாது. பின் சீட்டில் சம்சா தட்டுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டே வந்தன.

"எனக்கு ஒண்ணு புரியல. போன வாரம் வெயில் கொட்டிக்கிட்டு இருந்துச்சே, அன்னிக்குப் போய் எடுத்தியே, அது என்ன ஆச்சு?"

"அழிச்சிட்டேன்."

"அழிச்சிட்டியா! மலையெல்லாம் எவ்வளவு அழகா விழுந்திருந்துச்சு! நான்தான் பாத்தேனே."

"மலையை யாரு கேட்டா? பறவையைப் பாத்தீங்களா? வயிறு சுண்ணாம்பு அடிச்ச மாதிரி, மூஞ்சி கரி பூசின மாதிரி. கண்ணு எங்க இருக்குன்னே தெரியல. வெயில்ல ஆத்தங்கரையே கானல்ல நெளியுது. அதைக் கொண்டுபோய்க் காட்டினா காக்கான்னு சொல்லிடுவாங்க."

அதுதான் அரிவாள்மூக்கனோடு வந்த வம்பு. முதுகு ஆற்றுக் கல்லின் சாம்பல் நிறம். வயிறு வெள்ளை. முகமும் மார்புப் பட்டையும் கறுப்பு. சிவந்த மூக்கு மட்டும் அறுப்பு அரிவாள் போலக் கீழ்நோக்கி வளைந்திருக்கும். வெயிலில் வெள்ளை எரிந்து போகும், கறுப்பு புதைந்து போகும். மேகம் போட்டால்தான் இரண்டும் ஒரே படத்தில் நிற்கும். இறகு இறகாகத் தெரியும். ஒரே ஒரு விதி உண்டு. வானத்தைச் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் மேல் பாதி வெள்ளைக் காகிதமாகி, பறவையைத் தின்றுவிடும். தமிராவின் மேக நாள் படங்கள் எதிலும் ஒரு துண்டு வானம் இருக்காது.

பாலம் வந்ததும் குந்துஸ் வேகத்தைக் குறைத்தாள். "எந்தப் பக்கம்? திட்டுக்குத்தானே?"

"ஆமா, கெட்டித் திட்டுக்கு."

குந்துஸ் ஸ்டீயரிங்கில் அடித்துச் சிரித்தாள். "வண்டிக்குள்ள நீயும் நானும் சம்சாவும்தான் இருக்கோம். ஒரு தடவை அந்தப் பேரைச் சொல்லேன். வாயில முத்தா உதிர்ந்துடும்?"

தமிரா சிரித்தாளே தவிரச் சொல்லவில்லை.

திட்டின் பெயர் தாஷ்தான் திட்டு. செத்துப்போன மாமனாரின் பெயர் தாஷ்தான். அவர் வாழ்ந்த நாளெல்லாம் குதிரைகளை அங்கே விட்டுவிட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்ததால் ஊர் வைத்த பெயர். மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது. கணவனின் அண்ணன் பெயரையும் சொல்லக் கூடாது. பெயரோடு போனால் பரவாயில்லை. 'தாஷ்' என்றால் அவர்கள் பேச்சில் கல். ஆகவே கல் என்ற சொல்லே இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தமிராவின் வாயில் இல்லை. கல்லை அவள் 'கெட்டி' என்பாள். செருப்பில் கெட்டி மாட்டிக்கொண்டது என்பாள். சிறுநீரகத்தில் கெட்டி இருப்பதாக ஒருமுறை டாக்டரிடம் சொல்ல, அவர் குழம்பிப்போய் வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

நகரத்துப் பெண்கள் இதையெல்லாம் எப்போதோ விட்டுவிட்டார்கள். தமிராவும் விட்டிருப்பாள். ஆனால் எர்மெக் ரஷ்யாவுக்கு லாரி ஓட்டப் போய் வருஷக்கணக்காகிறது. புருஷன் ஊரில் இல்லாதவள் ஸ்டூடியோ நடத்துகிறாள், காமிராவைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றிலும் சதுப்பிலும் திரிகிறாள். வாய்கள் சும்மா இருக்குமா? அந்த வாய்களை அடைத்தது இந்த ஒன்றுதான். 'திரியட்டும். ஆனா இன்னிவரைக்கும் மாமனார் பேரை உச்சரிச்சதில்ல, தெரியுமா?' என்று கிழவிகளே அவளுக்காகப் பரிந்து பேசினார்கள். ஒரு சொல்லை விழுங்கி, அவள் தன் கால்களை வாங்கியிருந்தாள். மலிவு என்றுதான் இதுநாள்வரை நினைத்திருந்தாள்.

ஆறு இன்னும் ஏறவில்லை. பனி உருகத் தொடங்கினால் திட்டுக்குப் போகவே முடியாது. முழங்கால் நீரில் இறங்கி நடந்தாள். ஐஸ் தண்ணீர் எலும்பைக் கடித்தது. குந்துஸ் கரையிலேயே வண்டிக்குள் இருந்துகொண்டாள்.

தமிராவின் மறைவுக் கூடாரம் ஏற்கெனவே அங்கே இருந்தது. சாம்பல் துணியில் அவளே தைத்தது. நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்தி நகர்த்திப் பறவைக்குப் பழக்கியிருந்தாள். அவசரப்பட்டு ஒரே நாளில் கிட்டே கொண்டுபோனால் பறவை முட்டையை விட்டுப் போய்விடும். இந்தக் குளிரில் முட்டை தாங்காது. தவழ்ந்து உள்ளே போய்க் குப்புறப் படுத்தாள்.

கண்ணுக்கு முன் கல், கல், கல். உலகத்தில் இருக்கும் சாம்பல் நிறமெல்லாம் அங்கே கொட்டிக் கிடந்தது. பறவை எங்கே என்று தெரிந்தவளுக்கே தேட நேரம் பிடித்தது. பிறகு ஒரு கல் தலையைத் திருப்பியது.

பெட்டை அடைகாத்துக்கொண்டிருந்தது. அதன் பின்னால் ஆட்டுக்கடா அளவில் கரும்பாறை ஒன்று, நடுவில் இடுப்புக்கச்சை கட்டியது போல வெள்ளை வரி. வெயிலில் அந்த வரியும் எரிந்து போயிருந்தது. இன்று அதன் நெளிவுகூடத் தெரிந்தது. நல்ல பின்புலம் என்று மட்டும் நினைத்தாள். அதற்கு மேல் அந்தப் பாறையைப் பற்றி அவள் யோசிக்கவில்லை.

காத்திருந்தாள். விலா மரத்தது. காற்று கூடாரத் துணியைத் தட்டியது. பிறகு தண்ணீர் ஓரமாக ஆண் பறவை வந்தது. ஓடும், நிற்கும், தலையை ஆட்டும், மறுபடி ஓடும். கூட்டருகே வந்து பணிந்து குனிந்தது. பெட்டை எழுந்து விலகியது. முட்டைகள்! மங்கலான பச்சைச் சாம்பலில் பழுப்புப் புள்ளி தெளித்து, கூர்முனைகள் உள்நோக்கிக் கூடியிருந்தன.

தமிரா மூச்சை நிறுத்தி அழுத்தினாள்.

ஆண் உட்கார்ந்தது. வயிற்றை அசைத்து முட்டைகளைச் சரிசெய்துகொண்டு, அரிவாள் மூக்கை நெஞ்சில் பதித்தது. முடிந்துவிட்டது. அவள் காமிராவின் சின்னத் திரையில் பார்த்தாள். வெள்ளை வெள்ளையாக இருந்தது, கறுப்பு கறுப்பாக இருந்தது, கண்ணின் சிவப்புகூட விழுந்திருந்தது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்று அவளுக்குக் கிடைத்ததில்லை. குளிரில் பல் கிட்டிக்கொண்டிருக்க, ஊமைபோலச் சத்தமில்லாமல் சிரித்தாள்.

அன்று மாலையே ஸ்டூடியோவில் உட்கார்ந்து படத்தைத் தலைநகரத்து அலுவலகத்துக்கு அனுப்பினாள். கீழே, பறவையின் பெயர், தேதி, இடம்.

தோளுக்குப் பின்னால் நின்ற குந்துஸ் எட்டிப் பார்த்தாள். "கெட்டித் திட்டா? அடிப்பாவி, எழுதும்போதுமா?"

"விரலுக்கு ஒரு மாமனார், நாக்குக்கு ஒரு மாமனாரா எஜே?"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சனிக்கிழமை பள்ளிக்கூட ஹால் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் வெள்ளைக் கம்பளித் தொப்பி போட்ட பெரியவர்கள். மேடையில் துர்துபெக், பக்கத்தில் தலைநகர அதிகாரி ரினாத் சபிரோவிச். கெட்ட மனிதர் இல்லை. தூக்கம் கெட்ட கண்கள், தேநீர்க் கறை பட்ட கழுத்துப்பட்டை. தமிராவின் படத்தைச் சுவரில் பெரிதாக விழச் செய்தார்.

ஹாலில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர்கள்கூட இந்தப் பறவையை இத்தனை கிட்டத்தில் பார்த்ததில்லை.

"அருமையான படம்," என்றார் அதிகாரி. "பறவை அதுதான். முட்டை இருக்கு. சந்தேகமே இல்ல. ஒரே ஒரு கேள்வி. இது எங்க எடுத்தது?"

தமிரா எழுந்தாள். அவள் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். "கராசூ ஆத்துல. பொக்லைன் போகப்போற திட்டுல."

"படத்துல 'கெட்டித் திட்டு'ன்னு போட்டிருக்கீங்க. வரைபடத்துல அப்படி ஒரு இடமே இல்லையே?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"நாங்க அதை அப்படித்தான் சொல்லுவோம்."

"நாங்கன்னா யாரு?"

"நான்."

இப்போது ஹாலே சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டுப் படத்தைக் காட்டினார். "பின்னால ஒரு மலை தெரிஞ்சிருந்தா நானே சொல்லிடுவேன். ஒரு துண்டு வானம்கூட இல்ல."

"மேகம் போட்டிருந்துது. மேகத்துல வானத்தைச் சேர்த்தா படம் வெளுத்துடும். அதனால சேர்க்கல."

"உங்க காமிரா இடத்தைக் குறிச்சு வைக்காதா?"

"பழைய காமிரா. அதுக்கு அதெல்லாம் தெரியாது."

"வெயில் நாள்ல எடுத்தது ஏதாவது?"

"மலையோட எடுத்தேன். அழிச்சிட்டேன்."

"ஏன்?"

"பறவை நல்லா விழல."

அதிகாரி பேனாவால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "கூடு எதுக்குப் பக்கத்துல இருக்கு? அடையாளம் ஏதாவது சொல்லுங்க."

"கறுப்பா ஒரு பெரிய கெட்டி. அதுல வெள்ளையா ஒரு வரி ஓடுது. அந்தக் கெட்டிக்கு முன்னாடி, சின்னச் சின்ன கெட்டிங்களுக்கு நடுவுல…"

"கெட்டின்னா?"

"கல்லுன்னு அர்த்தம் சார்!" என்று குந்துஸ் கத்தினாள். "அவ மாமனார் பேருல கல்லு இருக்கு, அதான் சொல்ல மாட்டா. தாஷ்தான் திட்டுன்னு எழுதிக்கங்க, நான் சொல்றேன்!"

"படம் எடுத்தவங்க வாயால சொல்லணும்மா. எல்லாம் பதிவாகுது." அவர் துர்துபெக் பக்கம் திரும்பினார். "தலைவரே, உங்க ஊரு. இந்த இடம் தெரியுதா?"

துர்துபெக் சுவரில் விழுந்த படத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். தமிரா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் தகப்பனின் திட்டு. சிறுவயதில் அதிலேயே வளர்ந்தவர். தெரியாமல் போகுமா?

"ஆத்துல கல்லு கோடி கிடக்கு," என்றார் அவர். "எல்லாமும் கல்லு மாதிரிதான் இருக்கு."

ஹால் மறுபடி சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"கெட்டித் திட்டுன்னு எங்க ஊர்ல இடம் கிடையாது. வேற பேரு இருந்தா என் தம்பி பொண்டாட்டி சொல்லட்டுமே. யாரு வேணாம்னாங்க?"

குரல் மிருதுவாகத்தான் இருந்தது. ஆனால் தமிராவுக்கு முதுகில் ஆற்றுத் தண்ணீர் இறங்கியது.

அதிகாரி சமாதானமாகச் சொன்னார். "பொக்லைன் போற திட்டுன்னா பதிவுல ஏறாது, வரைபடத்துல இருக்கற பேரைச் சொல்லுங்க. உள்ளூர்க்காரங்க ரெண்டு பேரு, ஆமா, அங்க இந்தப் பறவையைப் பாத்திருக்கோம்னு கையைத் தூக்கட்டும். போதும், வேலையை நிறுத்தி வெச்சுட்டு நேர்ல வந்து பாக்கறேன். இன்னியோட ஆட்சேபம் முடியுது. அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல."

கையைத் தூக்க ஆள் இருந்தது. குதிரை மேய்க்கும் ஒஸ்மோனும் அவன் மைத்துனன் கலிக்கும் நடுவரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நேற்றே வந்து, "நாங்க சொல்றோம் எஜே. அந்தச் சிவப்பு மூக்கை வருஷா வருஷம் பாக்கறோமே," என்று வாக்குக் கொடுத்தவர்கள். ஒஸ்மோன் அவளைப் பார்த்துத் தலையை அசைத்தான். சொல்லு, சொல்லிவிடு என்பதுபோல.

தமிரா வாயைத் திறந்தாள். நாக்கு எழவில்லை. அந்தச் சொல்லைச் சொல்லாமல் இருக்கப் பழகிய நாக்கு, சொல்வதற்கு வழி மறந்திருந்தது. சுவரில் அந்தப் பறவை முட்டைகளின் மேல் குனிந்து நின்றது.

"தாஷ்தான்," என்றாள். "தாஷ்தான் திட்டு."

மைக் அதை ஹாலின் நான்கு மூலைக்கும் கொண்டுபோயிற்று.

யாரும் சிரிக்கவில்லை. ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. துர்துபெக் எழுந்து நின்றார். தொப்பியைக் கழற்றினார். கத்துவார் என்று எதிர்பார்த்தாள். திட்டுவார், மேஜையைக் குத்துவார் என்று எதிர்பார்த்தாள். அதற்கெல்லாம் அவளிடம் பதில் இருந்தது. அவரோ கூரையைப் பார்த்துக் குழந்தையிடம் பேசுவதுபோல மெல்லச் சொன்னார்:

"அப்பா, மன்னிச்சிடுங்க. உங்க வீட்டு மருமக. ஒரு பறவைக்காகச் சொல்லிட்டா."

பிறகு இரு கைகளையும் விரித்து, செத்தவர்களுக்காகச் செய்வதுபோல முகத்தில் வழித்துக்கொண்டார்.

முன்வரிசைப் பெரியவர்கள் எழுந்தார்கள். அவர்கள் எழுந்ததால் பின்னால் இருந்தவர்களும் எழுந்தார்கள். ஹால் முழுவதும் கைகள் உயர்ந்தன. சாட்சி சொல்ல அல்ல. எல்லாக் கைகளும் அவரவர் முகத்துக்கே போயின. ஒஸ்மோனின் கைகளும், கலிக்கின் கைகளும்.

"அந்த இடத்துல பறவையைப் பாத்த உள்ளூர்க்காரங்க கை தூக்கலாம்," என்று அதிகாரி கேட்டார். ஒன்றும் புரியாமல் மறுபடியும் கேட்டார்.

ஒரே ஒரு கை நின்றது. மாவு காய்ந்த கை.

"நீங்க உள்ளூராம்மா?"

"கடை இங்கதான் சார். வீடு பக்கத்து ஊரு."

அதிகாரி பேனாவை மூடினார்.

அன்று மாலை ரஷ்யாவிலிருந்து எர்மெக் கூப்பிட்டான். செய்தி அவளுக்கு முன்னால் அவனிடம் போயிருந்தது.

"அப்பா பேரை மைக்ல சொன்னியாமே?"

"ஆமா."

"எங்க அண்ணன் அழுதாராம்."

"உங்க அண்ணனுக்கு அந்த இடம் தெரியும். தெரியலன்னு சொன்னாரு. அதைக் கேளு."

"நான் இங்க பனியில லாரிக்கு அடியில படுத்துக் கிடக்கறேன். நீ அங்க…" அவன் நிறுத்தினான். "ஒரு பறவைக்காகவா தமிரா?"

அவள் போனை வைத்தாள். முட்டை இட்டிருக்கிறதா, எத்தனை, என்று அவன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் அழுதிருப்பாள். கேட்காததால் அழுகை வரவில்லை.

திங்கட்கிழமை வெயில் அடித்தது. மலைகள் எல்லாம் வெளியே வந்து நின்றன, ஒவ்வொரு சிகரமும் தெரிந்தது. தமிரா பாலத்தில் நின்றாள். கீழே பொக்லைன் தலையைக் குனிந்து அள்ளியது, நிமிர்ந்து டிப்பர் லாரியில் கொட்டியது. ஒவ்வொரு கொட்டலுக்கும் பாலம் அதிர்ந்தது. இரண்டு சாம்பல் பறவைகள் மிஷினைச் சுற்றிச் சுற்றிப் பறந்து கத்தின. ஓட்டுநர் ஒரு முறை நிறுத்தி, தலையை வெளியே நீட்டிப் பார்த்தான். பிறகு மறுபடி மிஷினைக் குனிய வைத்து அள்ளினான்.

காமிரா தோளில் தொங்கியது. அவள் எடுக்கவில்லை. எடுத்தாலும் இந்த வெயிலில் வயிறு எரிந்து போயிருக்கும், முகம் புதைந்து போயிருக்கும்.

ஊர் அவளோடு சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் சரிக்குச் சரி பேசியிருப்பாள். சந்தையில் எதிர்ப்பட்ட பெண்கள் பேச்சை நிறுத்தி, அவள் போனபின் தொடர்ந்தார்கள். இரண்டு கல்யாணங்களுக்குப் பக்கத்து ஊரிலிருந்து போட்டோக்காரர் வந்தார். ஒஸ்மோன் குதிரையைத் திருப்பிக்கொண்டு வேறு தெருவழியே போனான். பாஸ்போர்ட் கிழவர் மட்டும் வந்து, "வெயில் வந்துடுச்சே," என்று ஸ்டூலில் உட்கார்ந்தார். அவருக்குக் காது அவ்வளவாகக் கேட்காது.

குந்துஸ் இருக்கிற கோபத்தையெல்லாம் மாவில் காட்டினாள். "இனிமே என்னடி பயம்? கல்லுன்னு சொல்லு. நூறு தடவை சொல்லு. வெச்ச மரியாதைதான் போயிடுச்சே."

"வர மாட்டேங்குது எஜே," என்றாள் தமிரா. அது உண்மைதான். பெயர் வெளியே போய்விட்டது. கல் இன்னும் உள்ளேயே இருந்தது.

அறுப்புக் காலத்துக்குச் சற்று முன்பு மறுபடியும் வானம் மூடியது. காலையிலிருந்தே அந்தச் சலித்த மாவு வெளிச்சம். தமிரா கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். பழைய காமிராவைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டிருந்தாள்.

கதவு மணி அடித்தது. துர்துபெக். தனியாக வந்திருந்தார். பூட்ஸில் ஜல்லித் தூசி.

"மேகம் போட்டிருக்கு. கடை திறந்திருக்கே, கெலின்?"

இந்த ஊரில் மருமகளைக் கூப்பிடும் சொல்தான் அது. அவர் வாயிலிருந்து அதைக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. அவள் எழுந்து நின்றாள். எழக்கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் எழுந்தாள்.

"வேற எங்க போறது, பைகே?" என்றாள், கணவனின் அண்ணனைப் பெயர் சொல்லாமல் கூப்பிடும் சொல்லால்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் இருந்த கல்யாண ஜோடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வயதாகிவிட்டது போலத் தெரிந்தார். திட்டு இருந்த இடத்தில் இப்போது ஆறு குழம்பி ஓடும் பள்ளம்தான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கம்பெனி அடுத்த மாதம் மிஷினை எடுத்துக்கொண்டு வேறு ஆற்றுக்குப் போகப்போகிறதாம்.

"தம்பி பேசினானா?"

"பேசினாரு."

"நல்லா இருக்கானா?"

"இருக்காரு."

பக்கத்துக் கடையில் குந்துஸ் தட்டை எறியும் சத்தம் கேட்டது. அவர் வந்ததைப் பார்த்திருப்பாள்.

"அந்தப் படம் இருக்கா? கூட்டத்துல காட்டினியே. அதையும் அழிச்சிட்டியா?"

"இருக்கு."

"பெருசா ஒண்ணு போட்டுக் கொடு. நல்ல சட்டமா மாட்டி. வீட்டுல, நடு ஹால்ல மாட்டணும்."

தமிரா அவரை உற்றுப் பார்த்தாள். அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், இந்த மனிதர். இப்போது வந்து பறவையைச் சுவரில் மாட்டிக்கொள்ளப் போகிறாரா? மனசு உறுத்துகிறதா? அப்படி ஏதாவது இருந்தால் அதையும் பார்த்துவிடலாம் என்று, கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து அவர் பக்கம் திருப்பினாள்.

அவர் ஸ்டூலில் முன்னே சரிந்தார். விரலை நீட்டித் திரைக்கு அருகே கொண்டுபோனார். விரல் பறவையைத் தாண்டிப் போயிற்று. முட்டைகளைத் தாண்டிப் போயிற்று.

"பறவையை வெட்டிடு கெலின்," என்றார். "பின்னால வெள்ளை வரி போட்ட கல்லு இருக்கு பாரு, அது மட்டும் போதும். எங்கப்பா உக்காந்து தூண்டில் போட்ட கல்லு அது, அதுக்கு வேற படம் எங்ககிட்ட இல்ல."